யாரும் எழுதக்கூடிய வரி

என் வயதுப் பெண்கள் பொறாமைப்பட ஆயிரம் காரணம் வைத்திருந்தார்கள். கெட்டிச் சங்கிலி, மாமியார் இல்லாத வீடு, சர்க்கார் உத்தியோகத்து மாப்பிள்ளை. எனக்கு அதிலெல்லாம் மனம் போனதே இல்லை. நான் பொறாமைப்பட்டது ஒரே ஒருத்தி மேல். அவள் கழுத்தில் சங்கிலி கிடையாது. காலில் செருப்பும் பெரும்பாலும் கிடையாது. வாரை அறுத்துவிட்டுச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நிற்பாள். அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவளைத் தெரிந்தவர்கள் கூடி அவளைப் புகழ ஆரம்பித்துவிடுவார்கள். இந்த வயதில் அதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை.

நாகர்கோவிலில் இன்டர்மீடியட் படித்தபோது விடுதியில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை. சுதந்திரம் வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. எங்கள் பக்கம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. நான் கருங்கல் என்ற ஊர்க்காரி. அப்பாவுக்குச் சந்தைத் தெருவில் நல்லமிளகு, சுக்கு, புளி மொத்த வியாபாரம். கான்வென்டில் படித்தவள் என்பதால் இங்கிலீஷ் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கட்டுரைப் போட்டி என்று எங்கே வைத்தாலும் பரிசு எனக்குத்தான். அவள் சிதறால் பக்கத்திலிருந்து வந்தவள். அவளுடைய அப்பா ஒரு சின்ன மிஷன் கோயிலில் உபதேசியார். அவள் இங்கிலீஷ் பேசினால் வினைச்சொல் ஒரு பக்கம் போகும், எழுவாய் ஒரு பக்கம் போகும். கையெழுத்து, கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். அப்படிப்பட்டவள் மேல் எனக்கு என்ன பொறாமை என்று கேட்டால், அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதை வாசித்தாலும், தானே எழுதியதை வாசித்தாலும், ஒரு வரியில் நின்று, "இத யாரும் எழுதலாமே" என்பாள். அவ்வளவுதான். தன்னுடையதாக இருந்தால் பென்சிலால் அடித்துவிடுவாள். அடுத்தவர்களுடையது என்றால் சும்மா இருந்துவிடுவாள். அந்தச் சும்மா இருப்பதுதான் அதிகமாக வலிக்கும்.

விடுதி விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினருக்கு வரவேற்புரை எழுதும் பொறுப்பு ஒருமுறை எனக்கு வந்தது. அறியாமை இருளை அகற்ற வந்த ஞான தீபமே என்று தொடங்கி, மூன்று பக்கம் ஒரே மூச்சில் எழுதி, அறையில் நின்று உரக்க வாசித்துக் காட்டினேன். அவள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டாள்.

"எப்பிடிட்டி இருக்கு?"

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. நல்ல சத்தமா வாசிச்ச."

"சத்தத்தையா கேட்டேன்?"

அவள் தயங்கினாள். "ஒண்ணு கேக்கட்டா? வாறது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"யாரோ கல்வி அதிகாரியாம்."

"அப்ப போன வருசம் வந்தவங்களுக்கும் இதையே வாசிச்சிருக்கலாம். அடுத்த வருசத்துக்கும் பத்திரமா வச்சுக்கலாம். நீ மெனக்கெடவே வேண்டாமே."

கேலி செய்யவில்லை. உண்மையாகவே என் வேலையைக் குறைக்கப் பார்த்தாள். நான் கோபத்தில் அன்று அவளோடு சாப்பிடப் போகவில்லை. விழாவில் அந்த உரைக்குப் பலத்த கைதட்டல். ஆனால் வாசித்துக்கொண்டிருந்தபோதே, எதிரில் அந்த அதிகாரி கொட்டாவியை அடக்கியதை நான் பார்த்தேன். அவள் சொல்லியிருக்காவிட்டால் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன். பொறாமை அங்கேதான் முளைத்தது என்று நினைக்கிறேன்.

இனயத்திலிருந்து வந்த ஒரு பெண் எங்கள் வகுப்பில் இருந்தாள். அவளுடைய அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. வகுப்பிலிருந்து நாங்கள் சிலர் துக்கம் விசாரிக்கப் போனோம். பஸ்ஸில் போகும்போதே நான் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டேன். அங்கே அந்தப் பெண்ணின் அம்மா சுவரில் சாய்ந்து, கண் கொட்டாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேதி வந்ததிலிருந்து அழவில்லையாம், பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லையாம். ஒவ்வொருவராகப் போய்க் கடவுள் சித்தம், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். நானும் என் வரிகளைச் சொன்னேன். அந்த அம்மா காதில் எதுவும் விழுந்த மாதிரி தெரியவில்லை.

இவள் கடைசியாகப் போனாள். பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள், "அம்மா, அவிய கடலுக்கு எறங்கும்போ உங்ககிட்ட என்ன சொல்லிட்டுப் போவாவ?"

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. கேட்கிற கேள்வியா அது!

அந்த அம்மா மெல்லத் திரும்பினார். "ஒண்ணும் சொல்லமாட்டாரு மக்ளே. வெத்தலப் பெட்டியத் தொறந்து பாப்பாரு. சுண்ணாம்பு இல்லன்னா என்னய ஏசுவாரு. அன்னைக்கும் ஏசினாரு." அப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவர் குலுங்கி அழ ஆரம்பித்தார். இவள் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதார். வீட்டிலிருந்தவர்கள், அப்பாடா அழுதுவிட்டாள் என்று மூச்சு விட்டார்கள். ஒருத்தி கஞ்சி கொண்டுவந்தாள். அதைக் குடிக்க வைத்ததும் இவள்தான்.

திரும்பி வரும்போது, "உனக்கு எப்பிடி அப்பிடிக் கேக்கத் தோணிச்சு?" என்றேன்.

"எனக்குத் தெரியணும்னு தோணிச்சு. கேட்டேன்," என்றாள். அவ்வளவுதான் விளக்கம். அவளுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. எனக்கோ நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது மட்டும்தான் முக்கியமாக இருந்தது.

இன்டர்மீடியட் முடிகிற சமயத்தில் இருவரும் சென்னையில் ஒரே கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டோம். தாவரவியல் ஆனர்ஸ் வகுப்பு. மாகாணம் முழுவதிலுமிருந்து பெண்கள் முட்டி மோதுகிற இடம். எடுப்பது ஒரு கைப்பிடி பேரைத்தான். மற்ற கல்லூரிகளெல்லாம் மார்க்கைப் பார்த்தன. இங்கே மார்க்கோடு ஒரு கட்டுரையும் கேட்டார்கள். நீ யார், இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறாய் என்று இங்கிலீஷில், சொந்தக் கையெழுத்தில் எழுதி அனுப்ப வேண்டும். அதைப் படித்துத்தான் நேர்முகத்துக்கு அழைப்பார்கள்.

கட்டுரை என்று கேட்டதுமே இடம் எனக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆதிகாலம் தொட்டு மனிதன் தாவரங்களை நம்பியே வாழ்ந்து வருகிறான் என்று தொடங்கினேன். தாவரவியலை விஞ்ஞானங்களின் அரசி என்றேன். புதிதாக விடுதலை பெற்ற தாய்நாட்டின் காலடியில் என் கல்வியைக் காணிக்கையாக்குவேன் என்று முடித்தேன். விடுதிக் காப்பாளர் அம்மா அதை வாசித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் தன்னுடையதை என்னிடம் கொண்டுவந்தாள். "இங்கிலீசு மட்டும் திருத்திக் குடுட்டி. வேற ஒண்ணும் மாத்தாத."

எட்டு ஒன்பது வயதில் அவள் ஓர் ஆட்டுக்குட்டி வளர்த்தாளாம். ஒரு நாள் அது கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்து வயலில் புகுந்து மரச்சீனி, அதாவது மரவள்ளி, இலையை மேய்ந்தது. மத்தியானத்துக்குள் வயிறு உப்பிச் செத்துப்போனது. அன்று மாலை அதே வயலில் பிடுங்கிய மரச்சீனிக் கிழங்கைத்தான் வீட்டில் அவித்து மீன்குழம்போடு வைத்தார்கள். அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. இலை கொல்கிறது, கிழங்கு பசியாற்றுகிறது, இது எப்படி என்று அப்பாவிடம் கேட்டாள். தேவனுடைய ஏற்பாடு என்றார். வயல்காரரிடம் கேட்டாள். ஆடு திங்கப்பிடாது, அதான் செத்துது என்றார். அதன்பிறகு அவளே கவனிக்க ஆரம்பித்தாள். கிழங்கு வேகும்போது அம்மா முதல் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறாள். வெயிலில் வாடிக் காய்ந்த இலையை அடுத்த வீட்டுப் பசு தின்கிறது, ஒன்றும் ஆகவில்லை. கட்டுரையின் கடைசி வரி இதுதான்: "வெயில் அந்த இலையிலிருந்து எதை எடுத்துக்கொண்டு போகிறது? எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டவர்கள் யாருக்கும் தெரியவில்லை."

தாளை இன்னொரு முறை முதலிலிருந்து வாசித்தேன். மரச்சீனி என் வீட்டிலும் தினம் வேகிறது. முதல் தண்ணீரை என் அம்மாவும்தான் கொட்டுகிறாள். அந்த ஆட்டின் மேல்கூட எனக்குப் பொறாமையாக வந்தது. எங்கள் வீட்டில் ஆடு செத்திருந்தாலும் நான் அதை எழுதியிருக்கமாட்டேன் என்றும் உடனே தெரிந்தது.

இங்கிலீஷை ஒழுங்காகவே திருத்திக் கொடுத்தேன். இலக்கணத்தில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. அதில் கை வைக்கப் பொறாமைக்கும் இடம் கொடுக்கமாட்டேன். ஒரே ஒரு யோசனை சொன்னேன். "கடைசியில இப்பிடித் தெரியல்லன்னு விட்டா நல்லாருக்காது. கண்டுபிடிப்பேன்னு உறுதி எடுத்திருக்கேன்னு போடு."

"அத யாரும் எழுதலாமேட்டி," என்றாள்.

ஜூனில் அவளுக்கு நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. எனக்கு, வருந்துகிறோம் என்று அச்சடித்த அட்டை வந்தது. அவள் இடம் கிடைத்துச் சென்னைக்குப் போனாள். நான் கருங்கலில் வீட்டோடு இருந்தேன்.

இந்த இடத்தில் பிற்காலத்துச் சங்கதி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோவேன். எத்தனையோ வருடம் கழித்து, நான் கல்லூரிப் பேராசிரியையாகப் பெயரெடுத்த பிறகு, என் சொந்த மகள் டாக்டர் படிப்புக்கு வெளியூர்க் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதினாள். நான் வீட்டிலேதான் இருந்தேன். மகள் பஸ் பிடித்து, அப்போது மார்த்தாண்டத்தில் இருந்த இந்த விடுதித் தோழியிடம் போனாள். மகள் கொண்டுபோன கட்டுரையில் மனித குலத்துக்குத் தொண்டு, அன்னையின் கனவு எல்லாம் இருந்தன. இவள் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நீ கடைசியா யாருக்கு மருந்து குடுத்த?" என்று கேட்டாளாம். "கோழிக்கு," என்று என் மகள் சொல்லிவிட்டுச் சிரித்திருக்கிறாள். இவள் சிரிக்கவில்லை. எந்தக் கோழி, என்ன நோவு, பிழைத்ததா, பிழைக்காத கோழியை என்ன செய்தாய் என்று கேட்டுக்கொண்டே போயிருக்கிறாள். என் வீட்டுக் கொல்லையில் நடந்த கதை அது. கோழிகளுக்கு மருந்து கொடுக்க மகள் விடியுமுன் எழுந்தது எனக்குத் தெரியாது. இவளுக்குத் தெரிந்துவிட்டது. மகளுக்கு இடம் கிடைத்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தில் பாதியை இந்த எரிச்சல் தின்றுவிட்டது.

சரி, அந்தக் கருங்கல் வருடத்துக்கு வருகிறேன். வீட்டில் வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். தக்கலையில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டுப் பையனை ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார்கள். நான் சாப்பிடாமல் கிடந்து அடம் பிடித்ததில் அப்பா ஒன்றுக்கு மட்டும் இறங்கி வந்தார்.

"இன்னும் ஒரு வாட்டி எழுதிப் பாரு மக்ளே. இந்த வாட்டியும் வேண்டாம்னுட்டான்னா, பிறவு நான் சொல்லுகத நீ கேக்கணும்."

கோடை விடுமுறைக்கு அவள் ஊருக்கு வந்திருந்தாள். அவளிடம் உதவி கேட்பதைவிட ஜவுளிக்கடையே மேல் என்று சில நாள் இருந்தேன். பிறகு வேறு வழி தெரியாமல் ஆள் விட்டு அனுப்பினேன். மறுநாளே பஸ்ஸில் வந்து இறங்கினாள். அன்று சந்தை. தெரு முழுக்க வண்டியும் கூச்சலும். பேச இடம் இல்லாமல் அப்பா மிளகு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குள் போனோம். மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து என் புதுக் கட்டுரையை வாசித்தாள். முந்தின வருடத்தை விட நன்றாகவே எழுதியிருந்தேன், மேற்கோள்களைக் குறைத்திருந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சும்மா இருத்தல்.

பிறகு அவள் பார்வை ஜன்னல் பக்கம் போனது. அங்கே வரிசையாகத் தேங்காய்ச் சிரட்டைகள் வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மிளகு.

"இது என்னட்டி?"

"ஒண்ணுமில்ல. மிளகு."

அவள் எழுந்துபோய் ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தாள். "இது நல்ல கறுப்பு. இது செம்பட்டை அடிச்சுக் கெடக்கு. ஒரே கொடியா?"

"ஒரே கொடிதான். இது பறிச்ச உடனே வெயில்ல போட்டது. இது நிழல்ல. இது கொதிக்கிற வெந்நியில ஒரு முக்கு முக்கிட்டுக் காயப்போட்டது. அதான் இப்பிடிக் கறுத்திருக்கு. வேலைக்காரங்க காலாகாலமா செய்யுகதுதான். ஏன் கறுக்குதுன்னு கேட்டா ஒருத்தனுக்கும் சொல்லத் தெரியல்ல. வெந்நி கூடிப்போனா பிறவு கறுக்காதுட்டி. அந்தா, அந்தச் சிரட்டையப் பாரு, மங்கிப்போச்சு. ரொம்ப வெந்தா அதுக்குள்ள என்னமோ செத்துப்போவுது."

பேசிக்கொண்டே போன நான் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன்.

"இத ஏன் எழுதல்ல?" என்றாள்.

"இது எழுதுக விசயமா?"

"யாருக்காக இதெல்லாம் செய்த? அப்பா கேட்டாவளா?"

"இல்ல."

"பின்ன?"

"சும்மா."

"சும்மா யாராவது வெந்நி கொதிக்கவச்சுக் கையச் சுட்டுக்குவாவளா? கையப் பாரு உனக்கு. யாருக்காகட்டி?"

எனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்தது என்று தெரியவில்லை. "உனக்காகத்தான்! உன்னத் தோக்கடிக்கணும். உன் ஆடு செத்த கதைய வாசிச்ச அன்னைக்கே எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது. இஞ்ச எங்கப்பன் கிட்டங்கியில இவ்வளவு மிளகு கெடக்கு, பிறந்ததுலேர்ந்து பாக்கேன், ஒரு நாளாவது நான் ஒரு மணியக் கையில எடுத்துப் பாத்தேனா? நீ பாத்திருப்ப. உன்ன நினைச்சு நினைச்சுத்தான் இந்த எளவெல்லாம் பண்ணினேன். உன்னக் கண்டாலே எனக்குப் பிடிக்கல்ல. போதுமா?"

கிட்டங்கி வாசலில் மூட்டை தூக்குகிற ஆட்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் எழுந்து போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரட்டையைக் கீழே வைக்காமல், கண்கள் விரிய என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துளி வருத்தம் அந்த முகத்தில் இல்லை. இனயத்தில் அந்த அம்மாவைப் பார்த்த அதே பார்வை.

"அத எழுதுட்டி," என்றாள்.

"எத?"

"இப்ப சொன்னத. அப்பிடியே. நான் ஆடு செத்தத எழுதினேன், உனக்கு எரிஞ்சுது, நீ மிளகக் கையில எடுத்த. இத வேற எவளும் எழுத முடியாது. நானும் எழுத முடியாது."

"கிறுக்கா உனக்கு? பொறாமைக்காரின்னு நானே எழுதிக் குடுத்தா சேர்ப்பாங்களா?"

"தெரியல்ல. ஆனா எழுதினியானா அத நான் வாசிக்கப்பிடாது. வாசிச்சா நீ எனக்குப் பயந்து இனிப்புத் தடவுவ." என் அம்மா கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு அவள் அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

எழுதினேன். இனிப்புத் தடவாமல்தான் எழுதினேன். எழுதி முடித்தபோது என் இங்கிலீஷ் முதல் தடவையாக எனக்கே நன்றாக இருந்தது. அதற்கும் அவள்தான் காரணம் என்று நினைத்ததும் நன்றாக இருந்ததெல்லாம் போய்விட்டது.

அழைப்பு வந்தது. அப்பாவோடு பஸ்ஸில் திருநெல்வேலி போய், அங்கிருந்து ரயில் ஏறிச் சென்னை போனேன். கல்லூரி முதல்வர் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மையார். மேசையில் என் கட்டுரை இருந்தது. மிளகைப் பற்றி நிறையக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"நீ எழுதியிருக்கும் அந்தப் பெண் இங்கேதான் படிக்கிறாள். உனக்கு இடம் கொடுத்தால் ஒரே விடுதியில் அவளோடு இருக்க வேண்டும். என்ன செய்வாய்?"

"இங்கிருந்தே பொறாமைப்படுவேன் அம்மா. கருங்கலிலிருந்து பொறாமைப்படுவது சிரமமாக இருக்கிறது," என்றேன்.

அந்த அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். வெளியே பெஞ்சில் இருந்த அப்பாவுக்கு அந்தச் சிரிப்பு கேட்டிருக்கிறது. இனி ஜவுளிக்கடைக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான் என்று அப்போதே நினைத்தாராம்.

எழும்பூரில் என் பெட்டியைத் தூக்க அவள் வந்து நின்றாள். விடுதியில் அதற்குள் எல்லோருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. எங்கள் பேச்சைக் கேட்டு மலையாளமா என்று என்னைக் கேலி செய்தவர்கள், அவள் பேசினால் மட்டும் இன்னொரு முறை சொல்லு என்று கேட்டு ரசித்தார்கள். சமையல்காரம்மா எனக்குக் கொடுப்பதைவிடப் பெரிய மீன் துண்டத்தை அவள் தட்டில் வைப்பார். அந்த அம்மாவின் மகனுக்கு எந்தப் பல் விழுந்திருக்கிறது என்பது வரை இவளுக்குத் தெரியும். நான் வாக்குக் கொடுத்த மாதிரியே இருந்து, பக்கத்திலிருந்தே பொறாமைப்பட்டேன்.

அவளுடைய இரண்டாம் வருடக் கடைசியில் அவளுக்கு டைபாய்டு வந்தது. தேர்வு எழுத முடியவில்லை. ஆஸ்பத்திரியில் தலைமுடி கொட்டி, கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தாள். தினமும் போய்ப் பார்த்தேன். அப்போதும் நர்சுகளிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே கிடப்பாள். உடம்பு தேறி வந்தபோது அவளுக்கு ஒரு வருடப் படிப்பு வீணாகியிருந்தது. என் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். ஒரே பெஞ்சு, ஒரே பாடம், கடைசியில் ஒரே பரீட்சை. ஆனர்ஸில் முதல் வகுப்பு கிடைத்தால்தான் கல்லூரியில் வேலை. இருவருக்குமே அந்த வேலை வேண்டியிருந்தது. அவளுக்கு என்னைவிட அதிகமாகவே வேண்டியிருந்தது. உபதேசியாருக்கு அப்போது பார்வை மங்கிக்கொண்டு வந்தது.

பரீட்சை முடிந்து வெளியே வந்த ஒரு நாள், "எல்லாக் கேள்வியும் எழுதினியா?" என்று கேட்டேன்.

"எங்கட்டி! அந்த மூணாவது கேள்வி இருந்துல்லா, இலைத்துளை மூடுகது? அத எழுதிட்டே வரும்போ ஒரு சந்தேகம் வந்துட்டு. அதையும் சேத்து எழுதினேன். மணி அடிச்சுட்டான்."

பரீட்சைத் தாள் கேட்பது யாரும் எழுதக்கூடிய வரிகளைத்தான். அதில் நான் கெட்டிக்காரி. எல்லாக் கேள்விக்கும் அளவாக எழுதி, தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

முடிவு வரும்போது விடுமுறையில் ஊரில் இருந்தோம். பத்திரிகை எங்கள் கருங்கலுக்கு மத்தியான பஸ்ஸில்தான் வரும். நான் மாடி ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் இன்னும் வரவில்லை. வெயிலில் சந்தைத் தெரு முனையிலிருந்து யாரோ ஓடி வருவது தெரிந்தது. அவள்தான். சேலையை முழங்கால் அளவுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் பத்திரிகையை ஆட்டிக்கொண்டு, வாழைக்குலை வண்டிகளுக்கு நடுவே புகுந்து ஓடி வந்தாள். மார்த்தாண்டத்தில் வாசகசாலை திறந்ததும் முதல் ஆளாகப் பார்த்துவிட்டு, கிடைத்த லாரியில் ஏறி வந்திருக்கிறாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"ஏட்டி! ஏட்டீ! ஃபர்ஸ்ட் கிளாஸ்ட்டி! நம்ம கிளாஸ்ல நீ ஒருத்திதான்!"

கடை வாசலிலிருந்தே கத்தினாள். அப்பா கல்லாவை விட்டு எழுந்துவிட்டார். அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினாள். மூட்டை தூக்குகிறவர்களிடம், "கேட்டியளா? உங்க மொதலாளி மவ ஃபர்ஸ்ட் கிளாசு!" என்றாள். மாடிப்படியில் பாதி ஏறி வந்து, மூச்சு வாங்க முடியாமல் கைப்பிடியில் சாய்ந்து நின்று சிரித்தாள். டைபாய்டுக்குப் பிறகு முளைத்து இன்னும் பின்னலில் அடங்காத முடியெல்லாம் நெற்றியில் வேர்வையோடு ஒட்டியிருந்தது.

"உனக்கு?" என்று மேல்படியில் நின்று கேட்டேன்.

"செகண்டு. அத விடுட்டி. அம்மா எங்க? அம்மாட்ட நான்தான் சொல்லுவேன்." என்னைத் தாண்டி அடுக்களைக்கு ஓடினாள்.

அவளைத் தோற்கடித்துவிட்டேன். அதற்காகவே கையைச் சுட்டுக்கொண்டு, வீட்டில் அடம் பிடித்து, சென்னை வரை போனவள் நான். மாடிப்படியில் நின்றுகொண்டு அந்தச் சந்தோஷத்துக்காகக் காத்திருந்தேன். அடுக்களையில் அவள் என் அம்மாவைக் கட்டிக்கொண்டு கூத்தாடுவது கேட்டது. அம்மாவும் அவளோடு சேர்ந்து அழுவதும் சிரிப்பதுமாக இருந்தாள். இவள் குரலில் எங்காவது ஒரு விரிசல் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டேன். இல்லை. ஒரு பொட்டுக்கூட இல்லை.

எத்தனையோ விஷயங்களுக்காக அவள் மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அந்த மத்தியானம் பட்ட மாதிரி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவளுக்கு ஒரு நல்லது நடந்தபோது, நான் ஒரு நாளும் அப்படித் தெருவில் ஓடி வந்தது கிடையாது.